ஒரு மாத்திரையும் பாதி உண்மையும்

போதை வஸ்துக்களைப் பற்றி எழுத இவனுக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். காலையில் காப்பி தாமதமானால் தலைவலி வந்துவிடும் என்பதைத் தவிர, இந்தத் துறையில் எனக்கு வேறு அனுபவம் கிடையாது. இருந்தும் எழுதத் துணிந்ததற்குக் காரணம், சென்ற பொங்கலன்று என் அக்கா வீட்டுத் திண்ணையில் நான் பட்ட அவமானம்.

அக்காவின் பிள்ளை பெங்களூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் உத்தியோகம் பார்க்கிறான். கெட்டிக்காரப் பையன். பண்டிகைக்கு ஊர் வந்தவன் பேச்சுவாக்கில் ஒரு சமாசாரம் சொன்னான். அவன் சிநேகிதர்கள் சிலர் சனிக்கிழமை ராத்திரிகளில் ஆட்டபாட்டத்துக்குப் போகிறார்களாம். அங்கே 'எக்ஸ்டஸி' என்று ஒரு மாத்திரை கைக்குக் கை மாறுகிறதாம். இவனுக்கும் ஒருவன் நீட்டினானாம்.

"நீ வாங்கிக்கொண்டாயா?" என்று கேட்டேன்.

"இல்லை மாமா. ஆனா அதுல ஒண்ணும் பயமில்லையாம். டாக்டர்களே கொடுக்கிற மருந்துதானாம். தண்ணி மட்டும் நிறையக் குடிச்சிடணுமாம்."

கூடத்தில் இருந்த அக்காவின் காதில் இது விழுந்துவிட்டது. "தம்பி, நீ நாலு எழுத்துப் படிச்சவன். இவனுக்கு எடுத்துச் சொல்லுடா" என்றாள். நானும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, "ஒரே ஒரு தடவை சாப்பிட்டால் போதும், மூளையில் ஓட்டை ஓட்டையாக விழுந்துவிடும், தெரியுமா?" என்று ஒரு போடு போட்டேன். எப்போதோ எங்கேயோ படித்த ஞாபகம்.

பையன் பதில் பேசவில்லை. சட்டைப் பையிலிருந்து டெலிபோனை எடுத்து இரண்டு நிமிஷம் விரலால் தேய்த்தான். பிறகு மிகவும் மரியாதையாக, "அது பொய் மாமா. அப்படியெல்லாம் ஓட்டை விழறதில்லையாம்" என்றான். அதற்கப்புறம் நான் சொன்ன எதையும் அவன் காதில் வாங்கவில்லை. அவன் மேல் குற்றம் சொல்ல இடமில்லை. பொய் சொல்லி அகப்பட்டுக்கொண்டவன் பிற்பாடு சொல்கிற நிஜத்தை யார் நம்புவார்கள்?

ஊர் திரும்பியதும் இந்த மாத்திரையின் பூர்வோத்தரத்தைத் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க ஒரு விஷயம் தெளிவாயிற்று. இந்த மருந்தைக் கையில் எடுத்த ஒவ்வொருவரும் அதற்கு ஒரு பெயர் வைத்தார்கள். அதைப் பற்றி ஒரு பாதி உண்மையும் சொல்லி வைத்தார்கள். என் அக்கா பிள்ளை கேட்டு வந்ததும் பாதி உண்மை. நான் அடித்துவிட்டதோ பாதிகூட இல்லை.

கதை ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட் நகரத்தில் ஆரம்பமாகிறது. அங்கே மெர்க் என்ற பிரசித்தி பெற்ற மருந்துக் கம்பெனி இருக்கிறது. ரத்தப் பெருக்கை நிறுத்துவதற்கான ஒரு மருந்தைத் தயாரிக்கும் உரிமையை அப்போது அதன் போட்டிக் கம்பெனியான பேயர் வைத்திருந்தது. அந்த உரிமையில் காலை வைக்காமல், வேறு பாதையில் அதே மாதிரி மருந்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது மெர்க்கின் எண்ணம். ஆன்டன் கோலிஷ் என்ற வாலிப ரசாயனி அந்தப் பாதையைக் கண்டுபிடித்தார். 1912ஆம் வருஷம் டிசம்பர் 24ந் தேதி, கிறிஸ்துமஸுக்கு முதல் நாள், உரிமைப் பத்திரத்துக்கு விண்ணப்பம் போயிற்று. 1914இல் உரிமை கிடைத்தது.

சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகிறவன் வழியில் விழுப்புரத்தைப் பார்க்கிறான் அல்லவா? அந்த மாதிரி, போகிற வழியில் தட்டுப்பட்ட ஒரு பொருள்தான் இன்று எம்.டி.எம்.ஏ. என்று உலகம் அழைக்கும் இந்த வஸ்து. கம்பெனிக் காகிதங்களில் அதற்கு 'மெத்தில்ஸாஃப்ரிலமின்' என்று வாயில் நுழையாத ஒரு பெயர். அதை யாரும் வாயில் போட்டுப் பார்க்கவில்லை. போகவேண்டிய ஊர் வேறு. விழுப்புரத்தில் இறங்கவா போகிறார்கள்? கோலிஷ் தாம் பெற்ற பிள்ளையின் பிற்காலத்தை அறியாமலேயே 1916இல் யுத்தத்தில் மாண்டு போனார்.

முதல் கட்டுக்கதை இங்கேயே பிறந்துவிட்டது. பசியை அடக்குவதற்காக, அதுவும் ஜெர்மன் சிப்பாய்களின் பசியை அடக்குவதற்காக, மெர்க் இதைத் தயாரித்தது என்று வெகு காலம் புஸ்தகத்துக்குப் புஸ்தகம் எழுதி வந்தார்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்த்து எழுதினாரே தவிர, டார்ம்ஸ்டாட்டுக்குப் போய்ப் பழைய தஸ்தாவேஜுகளைப் புரட்டிப் பார்த்தவர் யாரும் இல்லை. கடைசியில் ஆராய்ச்சியாளர்கள் சிலர் போய்ப் பார்த்து, 2006இல் வெளியிட்ட கட்டுரையில், பசிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று நிரூபித்தார்கள்.

இரண்டாவதாக இந்த மருந்தைக் கையில் எடுத்தது அமெரிக்க ராணுவம். 1950களில் மனித மனத்தைக் கலக்கக்கூடிய ரசாயனங்களை அவர்கள் மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தார்கள். 'இ.ஏ. 1475' என்று கைதிக்குக் கொடுப்பதுபோல் ஒரு நம்பர் கொடுத்து, மிச்சிகன் சர்வகலாசாலையில் நாய், குரங்கு, எலி முதலிய பிராணிகளுக்கு இதை ஊசி போட்டுப் பார்த்தார்கள். எவ்வளவு கொடுத்தால் சாகும் என்பதுதான் பரீட்சை. பரீட்சையின் முடிவுகள் 1973 வரையில் வெளியே பிரசுரமாகவில்லை.

இந்த மருந்துக்கு எம்.டி.ஏ. என்று ஒரு சகோதரி உண்டு. அதன் விஷயத்தில் ராணுவம் பிராணிகளோடு நிற்கவில்லை. 1953 ஜனவரியில், மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற நியூயார்க் மனநோய் ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்ந்திருந்த ஒரு டென்னிஸ் ஆட்டக்காரருக்கு, இன்ன மருந்து என்று சொல்லாமலே அதை ஏற்றினார்கள். சில மணி நேரத்தில் அவர் இறந்தார். அவருடைய குடும்பத்தாரிடமிருந்து உண்மை இருபது வருஷத்துக்கு மேல் மறைக்கப்பட்டது. 1987இல் கோர்ட்டார் 7 லட்சம் டாலருக்கு மேல் நஷ்டஈடு கொடுக்கும்படி தீர்ப்பளித்தார்கள்.

மூன்றாவதாக வருகிறவர் அலெக்ஸாண்டர் ஷல்கின். இவர் டௌ என்ற பெரிய ரசாயனக் கம்பெனியில் இருந்தவர். கம்பெனிக்கு லாபம் தந்த ஒரு பூச்சிமருந்தைக் கண்டுபிடித்ததால், இஷ்டப்பட்ட ஆராய்ச்சியைச் செய்யும் சுதந்திரம் அவருக்குக் கிடைத்தது. அவருடைய இஷ்டம் மனத்தை மாற்றும் ரசாயனங்களின் மேல் போயிற்று. 1966இல் வேலையை விட்டுவிட்டு, கலிபோர்னியாவில் தம் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஒரு கொட்டகையைப் பரிசோதனைச் சாலையாக்கிக் கொண்டார். தாம் செய்த பொருள்களைத் தாமே சிறுகச் சிறுக உட்கொண்டு பார்த்துக் குறிப்பு எழுதுவது அவர் வழக்கம். எம்.டி.எம்.ஏ.யை 1976இல் அப்படிச் சுவைத்துப் பார்த்தார். டேவிட் நிகல்ஸ் என்ற விஞ்ஞானியுடன் சேர்ந்து 1978இல் அவர் வெளியிட்ட கட்டுரைதான், இது மனிதனை என்ன செய்கிறது என்று முதன்முதலில் பகிரங்கமாகச் சொன்னது.

என்னதான் செய்கிறது? ஒரு கதாசிரியன் தனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன். நம் மூளையில் ஒரு நரம்பிலிருந்து மற்றொரு நரம்புக்குச் செய்தி கொண்டுபோகும் ரசாயனத் தூதர்கள் பலர் உண்டு. அவர்களில் ஸெரோடோனின் என்பவர் மனநிலை, தூக்கம், உடம்பின் சூடு முதலிய இலாக்காக்களைக் கவனிப்பவர். வேலை முடிந்ததும் இந்தத் தூதரைத் திரும்ப உள்ளே அழைத்துக்கொள்ள ஒரு வாசல் இருக்கிறது. எம்.டி.எம்.ஏ. அந்த வாசலைத் தலைகீழாக்கி விடுகிறது. உள்ளே போகவேண்டியவர்கள் கூட்டம் கூட்டமாக வெளியே வருகிறார்கள். விழுங்கி அரைமணி, ஒரு மணியில் ஆரம்பித்து மூன்று முதல் ஐந்து மணி நேரம் வரையில் இந்தத் திருவிழா நடக்கிறது. பயம் கழன்று போகிறது. பக்கத்தில் இருப்பவர் மேல் பிரியம் பொங்குகிறது. பேசக் கூசியதெல்லாம் வாயில் வருகிறது. கூடவே தாடை இறுகுகிறது, இருதயம் வேகமாக அடிக்கிறது, ரத்த அழுத்தமும் உடம்பின் சூடும் ஏறுகின்றன. திருவிழா முடிந்தபின் களஞ்சியம் காலி. இரண்டு மூன்று நாள் கழித்துச் சிலருக்குக் காரணமில்லாத துக்கம் வந்து கவிகிறது.

பயம் கழன்று போகிறது என்ற இடத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டவர் லியோ ஸெஃப் என்ற மனோதத்துவச் சிகிச்சையாளர். தொழிலிலிருந்து ஓய்வு பெறும் தறுவாயில் இருந்தவருக்கு ஷல்கின் இந்த மருந்தை அறிமுகப்படுத்தினார். ஸெஃப் ஓய்வு எண்ணத்தைக் கைவிட்டு, ஊர் ஊராகப் போய் மற்றச் சிகிச்சையாளர்களுக்கும் இதைக் கற்றுக் கொடுத்தார். அவர் வைத்த பெயர் 'ஆதாம்'. பாவம் தீண்டாத முதல் மனிதன் என்ற அர்த்தத்தில் வைத்தார். வருஷக் கணக்காக மனம்விட்டுப் பேசாத தம்பதிகளும், பழைய பயங்கரங்களை வாயால் சொல்ல முடியாதவர்களும் அந்த அறைகளில் பேசினார்கள்.

ஆனால் இவர்களும் ஒரு தவறு செய்தார்கள். எல்.எஸ்.டி. என்ற மருந்து கல்லூரிப் பிள்ளைகளின் கையில் சிக்கிச் சந்தி சிரித்து, 1968இல் அமெரிக்காவில் தடையானதை அவர்கள் கண்ணால் பார்த்தவர்கள். இதற்கும் அந்தக் கதி வந்துவிடக் கூடாதே என்று மூச்சுக் காட்டாமல் இருந்தார்கள். முறையான பரீட்சை நடத்தி, நன்மை இவ்வளவு, தீமை இவ்வளவு என்று எழுதி வைக்கவில்லை. மௌனமும் பாதி உண்மைதான்.

ரகசியம் நிலைக்கவில்லை. 1980களின் தொடக்கத்தில் டெக்ஸாஸ் மாகாணத்து வியாபாரிகள் இதைக் கண்டுகொண்டார்கள். ஒரு வியாபாரி முதலில் 'எம்பதி', அதாவது பரிவு, என்று பெயர் வைக்க நினைத்தாராம். அதுதான் பொருத்தம் என்று அவருக்கும் தெரியும். ஆனால் பரிவு விலை போகுமா? 'எக்ஸ்டஸி', பரவசம், என்று வைத்துவிட்டார். டல்லாஸ் நகரத்தில் 1984இல் திறந்த ஸ்டார்க் கிளப் போன்ற இடங்களில் மதுக்கடை மேஜையிலேயே பகிரங்கமாக இது விற்றது. சட்டப்படி குற்றமும் இல்லை, ஏனென்றால் சட்டத்துக்கு இதன் பெயரே தெரியாது.

தெரிந்தவுடன் சட்டம் விழித்துக்கொண்டது. 1985 ஜூலை 1 முதல் அமெரிக்க அரசாங்கம் அவசரத் தடை விதித்து, மருத்துவ உபயோகமே இல்லாதவை என்ற முதல் அட்டவணையில் இதைச் சேர்த்தது. சிகிச்சையாளர்கள் வழக்காடினார்கள். விசாரித்த நீதிபதி பிரான்ஸிஸ் யங், டாக்டர்கள் உபயோகிக்க இடம் விட்டு மூன்றாம் அட்டவணையில் வைக்கலாம் என்று 1986இல் சிபாரிசு செய்தார். இலாக்கா அதை ஏற்கவில்லை. மேல் கோர்ட்டின் தீர்ப்பு ஒன்றினால் 1987 டிசம்பர் கடைசியிலிருந்து மூன்று மாதம் தடை நீங்கியிருந்து, 1988 மார்ச்சில் நிரந்தரமாக வந்து உட்கார்ந்தது.

அமெரிக்காவில் கோர்ட்டு நடவடிக்கை நடந்துகொண்டிருக்கையில் மாத்திரை கடல் கடந்துவிட்டது. ஸ்பெயினைச் சேர்ந்த இபிஸா தீவில் 1987 கோடையைக் கழித்துவிட்டு வந்த லண்டன் இளைஞர்கள் சிலர், அங்கே கேட்ட சங்கீதத்தையும் அங்கே உண்ட மாத்திரையையும் கூடவே கொண்டு வந்தார்கள். பிரிட்டனில் 1977 முதலே இது கடுமையான தடைக்கு உட்பட்டதுதான். அதனால் என்ன? 1988 கோடையில் லண்டனிலும் மாஞ்செஸ்டரிலும் பழைய கிடங்குகளிலும் வயல்வெளிகளிலும் ஆயிரக் கணக்கானவர்கள் விடிய விடிய ஆடினார்கள். ஷல்கின் சுவைத்ததும் ஸெஃப் கொடுத்ததும் அமைதியான அறையில், சாய்வு நாற்காலியில். இங்கேயோ ஜன்னல் இல்லாத மண்டபம், நெருக்கியடிக்கும் கூட்டம், ஓயாத தாளம். மருந்து ஒன்றே, இடம்தான் மாறிற்று. இடம் மாறியதும் மரணமும் வந்தது.

ஜான் ஹென்றி என்ற லண்டன் டாக்டர் 1992இல், இப்படி இறந்தவர்களின் விவரங்களைச் சேர்த்து ஒரு கட்டுரை வெளியிட்டார். இந்த மருந்து உடம்பின் சூட்டைக் கட்டுப்படுத்தும் ஏற்பாட்டையே குலைத்துவிடுகிறது. களைப்பும் தாகமும் தெரிவதில்லை. மணிக் கணக்கில் ஆடுகிறவனுடைய சூடு 40, 42 டிகிரி செல்ஸியஸ் என்று ஏறுகிறது. தசைகள் சிதைந்து, ரத்தம் குழாய்களுக்குள்ளேயே உறைந்து, சிறுநீரகம் நின்றுவிடுகிறது. விஷம் குடித்தவன் சாவதைக் காட்டிலும், சித்திரை வெயிலில் மூட்டை தூக்கியவன் சுருண்டு விழுந்து சாவதற்குத்தான் இது நெருக்கம். சில நடன சாலைக்காரர்கள் குளிர்ந்த நீர்க் குழாய்களை மூடிவிட்டு, பாட்டில் தண்ணீரைக் காசுக்கு விற்ற கதையும் உண்டு.

நல்ல மனம் படைத்தவர்கள் துண்டுப் பிரசுரங்கள் அச்சடித்தார்கள். மணிக்கு அரை லிட்டர் போல, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடியுங்கள். இது ஆடி வியர்ப்பவர்களுக்கு. நடுநடுவே உட்கார்ந்து இளைப்பாறுங்கள் என்றார்கள். மிகச் சரியான யோசனை. ஆனால் வாய்க்கு வாய் மாறும்போது யோசனையின் வால் அறுந்து போயிற்று. 'தண்ணீர் குடி' என்ற தலை மட்டும் மிஞ்சியது. என் அக்கா பிள்ளையின் காதுக்கு வந்து சேர்ந்ததும் அந்தத் தலைதான்.

1995 நவம்பரில் இங்கிலாந்தின் எஸெக்ஸ் ஜில்லாவில் ஒரு பெண் தன் பதினெட்டாவது பிறந்த நாளைச் சொந்த வீட்டிலேயே சிநேகிதர்களோடு கொண்டாடினாள். ஒரு மாத்திரை போட்டுக்கொண்டாள். உடம்பு என்னவோ செய்தது. கேள்விப்பட்டிருந்த பரிகாரம் ஒன்றே: தண்ணீர். ஒன்றரை மணி நேரத்துக்குள் சுமார் 7 லிட்டர் குடித்துவிட்டாள். அவள் மண்டபத்தில் ஆடவில்லை. வியர்த்துக் கொட்டவும் இல்லை. வீட்டில் இருந்தாள்.

யோசனை எழுதியவர்கள் சொல்லாமல் விட்ட இன்னொரு விஷயம் இருந்தது. இந்த மருந்து வாஸோப்ரெஸ்ஸின் என்ற சுரப்பை அதிகமாக்கி, சிறுநீரகத்தைத் தண்ணீரை வெளியே விடாமல் பிடித்து வைக்கச் செய்கிறது. குடித்தது உள்ளேயே தங்குகிறது. ரத்தத்தில் உப்பு நீர்த்துப் போகிறது. மூளை நீர் கோத்து வீங்குகிறது. மண்டை ஓட்டுக்குள் வீங்குவதற்கு இடம் ஏது? ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்த அபாயம் அதிகம். அந்தப் பெண் நினைவு தப்பி விழுந்தாள். சில தினங்களில் உயிர் பிரிந்தது. மரண விசாரணையில் வெளிவந்த மருத்துவ அபிப்பிராயத்தின் சாரம் இது: தண்ணீர் இல்லாமல் மாத்திரை மட்டும் என்றால் பிழைத்திருக்கக்கூடும், மாத்திரை இல்லாமல் தண்ணீர் மட்டும் என்றாலும் பிழைத்திருக்கக்கூடும்.

அவளுடைய சிரித்த முகத்தைப் போட்டு ஊர் ஊராகப் பெரிய விளம்பரப் பலகைகள் எழுந்தன. ஒரே ஒரு மாத்திரை இவள் உயிரைக் குடித்தது என்று அவை சொல்லின. அதில் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பிள்ளைகளைப் பயமுறுத்த வேண்டும் என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் அடுத்த சனிக்கிழமை இன்னொரு பெண் அதே தவறைச் செய்யாமல் தடுக்க அந்தப் பலகையில் என்ன இருந்தது? விசாரணையின் விவரம் அறிந்த வாலிபர்களோ, 'இதுவும் பெரியவர்களின் புளுகு' என்று தள்ளிவிட்டார்கள்.

புளுகு என்றதும் அந்த மூளை ஓட்டை நினைவுக்கு வருகிறது. மூளையில் ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஒருவகைப் படம் உண்டு. ஓட்டம் குறைந்த இடம் அதில் பள்ளம் போலத் தோன்றும். அமெரிக்க டெலிவிஷன்காரர்கள் அதைக் காட்டி 'ஓட்டை' என்று கிளப்பிவிட்டார்கள். நான் பிடித்துக்கொண்டது அந்த வாலைத்தான். இதைவிடப் பெரிய வேடிக்கை 2002இல் நடந்தது. ஒரு ராத்திரிக்கு மனிதர்கள் உட்கொள்ளும் அளவைக் குரங்குகளுக்குக் கொடுத்ததில், மூளையின் டோபமின் நரம்புகள் நாசமாயின என்று 'ஸயன்ஸ்' பத்திரிகையில் ஒரு கட்டுரை வந்து உலகத்தைக் கலக்கிற்று. மறு வருஷம் அதை எழுதியவர்களே வாபஸ் வாங்கினார்கள். சீசாவின் மேல் ஒட்டியிருந்த பெயர் ஒன்று, உள்ளே இருந்த மருந்து வேறொன்று. குரங்குகளுக்கு ஏறியது மெத்தாம்பெட்டமின்!

அதனால் இந்த மருந்து மூளைக்கு நல்லது என்று ஆகிவிடாது. அடிக்கடியும் அதிகமாகவும் உட்கொண்டவர்களிடம் ஞாபக சக்தி குறைவதையும், ஸெரோடோனின் வாசல்கள் குறைவதையும் பல ஆராய்ச்சிகள் கண்டிருக்கின்றன. அவர்களில் பலர் வேறு போதைகளையும் சேர்த்தவர்கள். எது எதனால் வந்தது என்று பிரிப்பது கஷ்டம். உண்மை இப்படி வளைந்து நெளிந்துதான் இருக்கிறது. 'ஓட்டை' என்பதுபோல ஒரே சொல்லில் அடங்க மாட்டேன் என்கிறது.

சீசாவின் மேல் ஒரு பெயர், உள்ளே ஒரு மருந்து என்பது பெரிய பரிசோதனைச் சாலைக்கே நேர்ந்ததென்றால், தெருவில் விற்கும் மாத்திரையைப் பற்றிக் கேட்பானேன்? பி.எம்.ஏ. என்று ஒரு விஷம் உண்டு. இதே பெயரில் விற்பார்கள். மெதுவாக வேலை செய்வதால், 'இது ஏறவில்லையே' என்று இரண்டாவது மாத்திரையைப் போடுவார்கள்; அதற்குள் முதலாவது சூட்டைக் கிளப்பிவிட்டிருக்கும். 1990களின் நடுவில் தென் ஆஸ்திரேலியாவில் சிலர் அப்படி மாண்டார்கள். 2008இல் கம்போடியாவில், இந்த மருந்துக்கு மூலப் பொருளான ஸஃப்ரோல் எண்ணெய் 33 டன் பிடிபட்டுக் கொளுத்தப்பட்டது. மலைக் காட்டு மரங்களை வெட்டிக் காய்ச்சிய எண்ணெய் அது. சரக்கு அருகியதும் ஐரோப்பாவில் மாத்திரை நிற்கவில்லை. மாத்திரைக்குள் இருந்த வஸ்து மாறிற்று. பிறகு வேறு மூலப் பொருள் கிடைத்ததும் வீரியம் ஏறிற்று. 1990களிலும் 2000களிலும் சராசரி 50 முதல் 80 மில்லிகிராம் இருந்த மாத்திரையில், 2010களில் 125 வரை. சிலவற்றில் 270க்கும் மேல். இன்னொரு சூட்சுமமும் உண்டு. இந்த மருந்தைக் கரைக்கும் ஈரலின் ஏற்பாட்டை இந்த மருந்தே முடக்கிவிடுவதால், இரண்டு பங்கு உண்டால் ரத்தத்தில் இரண்டு பங்கைவிட அதிகமாகவே சேர்கிறது. சில மனச்சோர்வு மருந்துகளை, முக்கியமாக எம்.ஏ.ஓ. தடுப்பான் வகையை, உண்பவர்களுக்கு இதுவும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

"டாக்டர்களே கொடுக்கிற மருந்து" என்றானே பையன், அதையும் தேடிப் பார்த்தேன். அதிலும் பாதி உண்மை உண்டு. தடை வந்த பிறகு, 1986இல் ரிக் டாப்ளின் என்பவர் ஒரு சங்கம் தொடங்கி, முப்பது வருஷத்துக்கு மேல் விடாமல் போராடினார். யுத்தத்திலிருந்து திரும்பிய சிப்பாய்களும் பலாத்காரத்துக்கு ஆளானவர்களும் படும் மன வேதனைக்கு இது உதவுமா என்று பரீட்சை நடந்தது. 2021இல் வெளியான முடிவில், 90 பேரில் மருந்தோடு சிகிச்சை பெற்றவர்களில் 67 சதவிகிதம் பேருக்கும், வெற்று மாத்திரையோடு அதே சிகிச்சை பெற்றவர்களில் 32 சதவிகிதம் பேருக்கும் அந்த நோய் உண்டு என்று தீர்மானிப்பதற்கான நிபந்தனைகள் பொருந்தாமல் போயிருந்தன. ஆஸ்திரேலியா 2023 ஜூலை முதல், அனுமதி பெற்ற மனநோய் டாக்டர்கள் இதைக் கொடுக்கலாம் என்றது. ஆனால் அமெரிக்க மருந்து நிர்வாகம் 2024 ஆகஸ்டில், இன்னும் ஒரு பரீட்சை வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டது. எந்த மாத்திரை உண்டோம் என்பது உண்டவருக்கே தெரிந்துவிடுகிறது, அபாயங்கள் சரியாகக் குறிக்கப்படவில்லை என்பவை முக்கியமான ஆட்சேபங்கள். பரீட்சையின்போது சிகிச்சையாளர்கள் தகாத முறையில் நடந்துகொண்ட சம்பவமும் வெளிவந்திருந்தது.

அந்தச் சிகிச்சையில், அளந்த சுத்தமான மருந்து. முன்கூட்டியே இருதயப் பரிசோதனை. நாள் முழுதும் பக்கத்தில் இரண்டு சிகிச்சையாளர்கள். எல்லாம் சேர்ந்து மூன்றே மூன்று தடவை. சனிக்கிழமை ராத்திரி இருட்டில் ஒருவன் நீட்டுவதற்கும் இதற்கும், கத்தி ஒன்றே என்றாலும், ஆஸ்பத்திரிக்கும் சந்துக்கும் உள்ள தூரம் உண்டு.

நம் நாட்டுச் சட்டத்தையும் பார்த்தேன். 1985இல் வந்த போதைப் பொருள் சட்டத்தின்படி, அரை கிராம் வரையில் 'சிறிய அளவு'. 10 கிராமுக்கு மேல் போனால் வியாபார அளவு. பத்து வருஷம் முதல் இருபது வருஷம் வரையில் கடுங்காவல். சிநேகிதனுக்காகப் பையில் வைத்திருந்தேன் என்ற சமாதானம் கோர்ட்டில் செல்லாது.

இவ்வளவையும் தெரிந்துகொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பெங்களூருக்கு டெலிபோன் செய்தேன். "அப்பா, அன்றைக்கு நான் சொன்ன ஓட்டைக் கதை தப்பு. நீ சொன்னதுதான் சரி" என்று ஆரம்பித்தேன். மறுமுனையில் சிறிது நேரம் சத்தமே இல்லை. மாமா ஒருவர் தப்பை ஒப்புக்கொள்வது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை.

பிறகு, டார்ம்ஸ்டாட்டிலிருந்து எஸெக்ஸ் வரையில் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டவன், "மாமா, ஒண்ணு கேட்கலாமா? இதைச் சாப்பிட்டவங்கள்ல பெரும்பாலானவங்க உயிரோட வீட்டுக்குத் திரும்பி வரத்தானே செய்றாங்க?" என்றான்.

'இல்லை' என்று சொல்ல நாக்குத் துடித்தது. திண்ணை ஞாபகம் வந்தது.

"ஆமாம், திரும்பி வருகிறார்கள். திரும்பாதவர்களில் ஒருவருக்கும் தாம் அந்தக் கணக்கில் சேரப்போகிறோம் என்று முன்னால் தெரிந்திருக்கவில்லை. யார் வேண்டுமானாலும் நீட்டட்டும், வாங்காதே. உன் சிநேகிதன் எவனாவது உண்டு, உடம்பு கொதித்தாலோ, பேச்சுக் குழறினாலோ, வலிப்பு வந்தாலோ, குளிர்ந்த இடத்துக்குக் கொண்டுபோ, குடம் குடமாகத் தண்ணீர் புகட்டாதே, உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய், டாக்டரிடம் என்ன சாப்பிட்டான் என்பதை மறைக்காமல் சொல்" என்றேன்.

"சரி மாமா" என்றான். சற்றுப் பொறுத்து, "அந்தப் பொண்ணு ஏழு லிட்டர் குடிக்கிற வரைக்கும் பக்கத்துல இருந்தவங்க யாரும் தடுக்கலையா?" என்று கேட்டான்.

"நல்லது செய்கிறாள் என்றுதான் அவர்கள் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள், அப்பா" என்றேன்.